பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க தாயி, காத்து வரும். எத்தனாவது மாசம், எட்டா? எட்டுன்னுதான் நெனச்சேன், வயிறு இன்னும் இறங்கலை. காலை இப்படித் தொங்கப் போடாத, வீங்கிரும். இந்தா, என் பை மேல வச்சுக்க. இரு இரு, இதுல வேண்டாம், இதுல பி.பி. மெஷின் இருக்கு. அந்தக் கட்டைப் பையில வை. அதுல வெறும் துணிதான்.

ஆமா, நான் நர்சுதான். பிரசவம் ஆனவங்க படுக்கிற வார்டுல இருபத்தோரு வருஷமா வேலை. இன்னைக்கு லீவு. லீவு நாள்ல மெஷினைத் தூக்கிட்டு எங்க போறேன்னா பாக்குறே? பழி வாங்கப் போறேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். ஒருத்தியை இருபத்தியேழு வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன். இன்னைக்கு அவ என்கிட்ட மன்னிப்புக் கேட்டே ஆகணும். அதுக்கு நாள் குறிச்சதே அவதான். அது கடைசியில சொல்றேன்.

எனக்கு அப்ப இருபது வயசு. தலைப்பிரசவம். வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. காலையில பத்து மணிக்குப் பொட்டப் புள்ளை பொறந்துச்சு. வார்டுல கொண்டாந்து போட்டாங்க. கொஞ்ச நேரத்துல முதுகு வரைக்கும் நனைஞ்ச மாதிரி இருக்கு. எங்க மாமியா துணியை மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போய்ப் போடுறா. அதை யாரும் பாத்துரக் கூடாதுன்னு அவளுக்கு வெக்கம். நான் தலையைத் தூக்கினாக் கண்ணைக் கட்டுது. கோடியில மேசை போட்டு ஒரு சிஸ்டர் எழுதிக்கிட்டு இருக்கா. பேரு தனபாக்கியம். "சிஸ்டர், ரத்தம் நெறையாப் போகுது, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னேன். எழுதின கை நிக்கலை. தலையும் நிமிரலை. "பிள்ளை பெத்தா ரத்தம் வராம பன்னீரா வரும்?"னு கேட்டா.

வார்டே சிரிச்சுச்சு தாயி. என் மாமியாளும் சிரிச்சா. எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியலை. கண்ணு முழிக்கிறப்ப ரெண்டு நாள் ஓடிப்போச்சு, ஆறு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க, கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இருபது வயசுல. பொட்டப் புள்ளை ஒண்ணோட சரின்னு ஆகிப்போச்சு. என்னைக் கட்டின ஆளு ஒண்ணரை வருஷம் பாத்தான், வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்.

போகட்டும், அது கூடப் போகட்டும். அந்தச் சொல்லு போகலையே. ஆஸ்பத்திரியில சிரிச்சவங்கள்ல எங்க தெருக்காரி ஒருத்தி இருந்தா. நான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என் பேரு வந்துருச்சு. பன்னீரு. தண்ணிக் குழாய்க்குப் போனா "பன்னீரு வர்றா, வழி விடுங்க". கடைக்குப் போனா பன்னீரு. பெத்தவங்க வச்ச பேரு மங்கையர்க்கரசி, அதை எவளும் சொல்லலை. என் மக பள்ளிக்கூடம் போன பிறகு அவளைப் பன்னீரு மகன்னாங்க. அன்னைக்குத்தான் அந்த ஊரைக் காலி பண்ணினேன்.

அவ எந்திரிச்சு வந்து பாக்கலைங்கிறதை நான் குத்தமாச் சொல்லலை பாரு. நானும் அந்த வேலைதானே பாக்குறேன். இருபத்திரெண்டு கட்டிலு, ஒரே ஒரு சிஸ்டர். எழுதவே நேரம் பத்தாது. எல்லாருக்கும் கை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா அன்னைக்குச் சோறு திங்க முடியாது. அதெல்லாம் வேலையில உள்ளது. ஆனா அந்தச் சொல்லு வேலையில உள்ளதா? அதை அவ சொல்லியிருக்க வேண்டாம்.

கைவிடப்பட்ட பொண்ணுன்னு சர்டிபிகேட் வாங்கி நர்ஸ் படிப்புல சேர்ந்தேன். எல்லாரும் சேவைன்னு சேருவாங்க. நான் ஒருநாள் அவளை இதே வெள்ளைத் துணியில நின்னு பாக்கணும்னு சேர்ந்தேன். ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணிக்கிட்டேன். என் வார்டுல எந்தப் பொண்ணையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. எங்க ஆஸ்பத்திரியில யாரை வேணாக் கேளு, மங்கை சிஸ்டர் தங்கம்னுதான் சொல்லுவாங்க. பச்சை உடம்புக்காரிகளை எழுப்ப மாட்டேன், உருட்ட மாட்டேன். தூங்க விட்டுருவேன். மேசையில உக்காந்து கேஸ் ஷீட்டை வரிசையா அடுக்கி, பி.பி. நூத்திப்பத்துக்கு எழுபது, நாடி எண்பது, கர்ப்பப்பை கெட்டி, உதிரம் அளவு, கட்டில் ஒண்ணுலேர்ந்து இருபத்திரெண்டு வரைக்கும் ஒரே மூச்சுல எழுதி முடிச்சிருவேன். யாருக்கும் தொந்தரவு கிடையாது.

அப்படி இருக்கையில, போன மாசத்துக்கு முந்தின மாசம், ஒரு செவ்வாக்கிழமை. காலை டியூட்டி. எட்டு மணிக்குப் பிரசவமான பொண்ணை ஒம்பது மணிக்கெல்லாம் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அன்னைக்குப் பிரசவ அறையில இடமில்லை. பேரு இலக்கியா. ஏழாம் நம்பர் கட்டிலு. கூட ஒரு அம்மா, நரைச்ச தலை, கையில லேசா நடுக்கம். கேஸ் ஷீட்டுல "உடனிருப்பவர்: தாயார், தனபாக்கியம்"னு இருக்கு. நான் நிமிர்ந்து பாத்தேன். அதே மூக்கு. அதே மூக்குத்தி. ரிட்டயர் ஆகி எங்க ஊருக்கே வீடு வாங்கி வந்துருக்கா. என்னைப் பாத்துட்டு "வணக்கம் சிஸ்டர்"னா. அடையாளம் தெரியலை. எனக்குக் கை காலெல்லாம் சூடாயிருச்சு.

என்ன பண்ணலாம்னு மேசையில உக்காந்து யோசிச்சேன். திட்டலாம். ஆனா சத்தியம் பண்ணியிருக்கேன். கவனிக்காம விடலாம். ஆனா அது எல்லாருக்கும் பண்றதுதானே, அதுல என்ன பழி இருக்கு. அப்பத்தான் சுவத்துல ஒட்டியிருந்த அட்டை கண்ணுல பட்டுச்சு. வருஷக்கணக்கா ஒட்டியிருக்கு, யாரும் படிக்கிறதில்லை. பிரசவமான பொண்ணை முதல் ரெண்டு மணி நேரம் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கணுமாம். நாடி பிடிக்கணும், பி.பி. பாக்கணும், தொப்புளுக்குக் கீழ கை வச்சு அழுத்திக் கர்ப்பப்பை கெட்டியா இருக்கான்னு பாக்கணும், நாப்கினை விலக்கிப் பாக்கணும், முதுகுக்கு அடியில கை விட்டுப் பாக்கணும். பெத்த வயித்துல அழுத்தினா எப்படி இருக்கும்னு உனக்கு இன்னும் தெரியாது. உயிர் போகும். எனக்குச் சந்தோஷம் தாங்கலை. எவனும் குத்தம் சொல்ல முடியாத பழி. விதிப்படி.

ஒம்பதேகாலுக்கு முதல் தடவை போனேன். அழுத்தினேன். "அம்மா"ன்னு அலறுச்சு அந்தப் பொண்ணு. ஒம்பதரைக்குப் போனேன். ஒம்பதே முக்காலுக்குப் போனேன். அசந்து கண்ணை மூடும், நான் போய் நிப்பேன். "ஒண்ணுக்குப் போனியா? போகலையா? எந்திரி. மூத்திரப்பை நெறைஞ்சா கர்ப்பப்பை சுருங்காது"ன்னு எழுப்பி நடக்க வச்சேன். "துணியை யாரும் தூக்கிப் போடக் கூடாது, நான் பாத்த பிறகுதான் போடணும்"னு தனபாக்கியத்துகிட்டச் சட்டமாச் சொன்னேன். "சரிங்க சிஸ்டர்"னா. நான் அழுத்துறப்ப அவ மூஞ்சியைத்தான் பாப்பேன். மகளுக்கு வலிக்க வலிக்க அவ உதட்டைக் கடிக்கிறதைப் பாக்கணுமே. வயிறு குளுந்துச்சு தாயி.

பத்து மணிக்கு அட்டைக் கணக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே மணிக்கு ஒரு தடவை போனாப் போதும். நான் விடலை. பதினஞ்சு நிமிஷம்னா பதினஞ்சு நிமிஷம்தான். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே "அம்மா, அந்த சிஸ்டரை வர வேண்டாம்னு சொல்லும்மா, பக்கத்துக் கட்டில்ல எல்லாரும் தூங்குறாங்க, என்னை மட்டும் ஏம்மா இப்படிப் பண்றாங்க"ன்னு கேக்குது. எங்க இன்சார்ஜ் சிஸ்டருக்கே பாவமாப் போய், "அந்தப் பக்கத்து வார்டுல ஒரு கட்டில் காலியா இருக்கு, மாத்திரட்டுமா"ன்னு தனபாக்கியத்தைக் கேட்டாங்க. என் அதிர்ஷ்டம், அவ வேண்டாம்னுட்டா. இங்கயே இருக்கட்டும்னா.

ஒண்ணேகால் மணி. சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து வச்சிருக்கேன். தக்காளிச் சோறு. நேரமாச்சேன்னு மூடி வச்சுட்டு எந்திரிச்சேன். பழி ஒருநாளாச்சும் சாப்பாட்டுக்கு நிக்கலாமா? போய் வயித்துல கை வச்சேன். கெட்டியா இருந்த இடத்துல ஒண்ணுமே இல்லை. பிசைஞ்ச மாவு மாதிரி கை உள்ள போகுது. நாப்கின்ல பெரிசா ஒண்ணும் தெரியலை. முதுகுக்கு அடியில கையை விட்டேன். முழங்கை வரைக்கும் ரத்தம். அந்தப் பொண்ணு தூங்குதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கோம், அது மயங்கிக்கிட்டு இருக்கு. அழுத்தினேன் பாரு, கட்டி கட்டியா வந்து விழுந்துச்சு.

அப்புறம் நான் எதையும் யோசிக்கலை. ஒரு கை வயித்தை விட்டு எடுக்கலை, தேச்சுக்கிட்டே இருந்தேன். ஊசி போடச் சொன்னேன், ரெண்டு கையிலயும் டிரிப்ஸ் போடச் சொன்னேன், காலைத் தூக்கி வச்சேன். டாக்டரம்மா ஓடி வந்தாங்க. நஞ்சுக்கொடியில ஒரு துண்டு உள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. எடுத்தாங்க, ரத்தம் ஏத்தினாங்க, கர்ப்பப்பையும் தப்பிச்சது, பொண்ணும் தப்பிச்சது. "மங்கை, இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா இந்தப் பொண்ணு இல்லை"ன்னாங்க டாக்டரம்மா. வார்டு முழுக்க என்னைக் கும்பிடுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தியேழு வருஷம் காத்திருந்து, கைக்குக் கிடைச்சவளுக்கு நானே உபகாரம் பண்ணிட்டு நிக்கிறேன். அன்னைக்கு அந்தத் தக்காளிச் சோத்தை அப்படியே நாய்க்குக் கொட்டினேன்.

சரி, சொல்லிக் காட்டியாச்சும் ஆத்திரத்தைத் தீத்துக்குவோம்னு ஏழாம் நாள் வரைக்கும் பொறுத்தேன். அதுவரைக்கும் பதினஞ்சு நிமிஷக் கணக்கை மணிக் கணக்காக்கினேனே தவிர நிறுத்தலை. வீட்டுக்கு அனுப்புற அன்னைக்குத் துணி காயப் போடுற இடத்துல தனபாக்கியம் தனியா நின்னா. போய் எதுக்க நின்னேன்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியுதே, மங்கை சிஸ்டர்."

"அது இல்லை. பன்னீர்னு சொன்னாத் தெரியுதா?"

அவ கையில இருந்த துணியை மெதுவாக் கொடியில போட்டா. கிளிப் மாட்டினா. "தெரியும்"னா.

எப்பத் தெரியும்னு கேட்டேன்.

"நீ ஒம்பதரைக்கு ரெண்டாந்தடவை வந்தியே, அப்பத் தெரியும். பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவை எந்த நர்சும் வர மாட்டா. இவளுக்கு நம்ம மேல ஏதோ இருக்குன்னு உன் மூஞ்சியைப் பாத்தேன். ஞாபகம் வந்துருச்சு. நீ கண்ணு முழிச்ச பிறகு ஒரு தடவை உன் கட்டில்கிட்ட வந்து நின்னேன். பேச வாய் வரலை. உன் மூஞ்சி எனக்கு மறக்கலை."

"தெரிஞ்சுமா மகளை என் கையில விட்டு வச்சீங்க? அந்தப் பக்கம் மாத்துறேன்னாங்களே."

"அந்தப் பக்கம் ஒரு நர்சுப் பொண்ணு இருக்கா பாரு, எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறவ. அவ என் மகளைத் தூங்க விட்டுருப்பா மங்கை. நான் முப்பத்தஞ்சு வருஷம் இந்த வேலை பாத்தவ. கேஸ் ஷீட்டு எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு அன்னைக்குக் கர்ப்பப்பை கெட்டின்னு எழுதினதே நான்தான். எழுதிக்கிட்டு இருக்கப்பத்தான் நீ கூப்பிட்டே."

"நீங்களும் நர்சுதானே? நீங்களே கை வச்சுப் பாத்துருக்கலாமே."

"பெத்த வயிறு. என் கை அழுத்துமா? அவ அம்மான்னு ஒரு சத்தம் போட்டா விட்டுருவேன். கோபம் இருக்கிற கைதான் அழுத்தும். நீ ஒவ்வொரு தடவை அழுத்துறப்பவும் இன்னும் ஒரு தடவை வரணும், இன்னும் ஒரு தடவை வரணும்னுதான் நான் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

நீயே சொல்லு தாயி, இதுக்கு நான் என்ன பண்றது? நான் அவ உதட்டைக் கடிக்கிறதைப் பாத்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். அவ உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்துருக்கா. என் பழியைக் கொண்டுபோய் அவ மகளுக்குக் காவல் போட்டுருக்கா. எனக்கு அங்கேயே அவ கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்துச்சு. "அதெல்லாம் எனக்கு வேண்டாம், இப்ப என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேளுங்க"ன்னேன்.

அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனாக் கேக்கலை. "இப்பக் கேட்டா உனக்குக் கோபம் போயிரும் மங்கை. இன்னைக்கு ஏழாம் நாள்தான். காய்ச்சல் வரும், தையல் பிரியும், மார்ல பால் கட்டும், ரத்தம் திரும்பப் போகும், நாப்பத்திரெண்டு நாளைக்குப் பச்சை உடம்பு. நாப்பத்திரெண்டாம் நாள் வீட்டுக்கு வா. உன் கால்ல விழுந்து கேக்குறேன்"னா.

என்ன நெஞ்சழுத்தம் பாரு. நான் விட்டேனா? "அதுவரைக்கும் சும்மா இருப்பேன்னு நெனச்சீங்களா, வாரா வாரம் வந்து உசிரை எடுக்குறேன் பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். சொன்னபடியே லீவு நாள்ல எல்லாம் இந்த டவுன் பஸ்தான். போனதும் காய்ச்சல் பாப்பேன், பி.பி. பாப்பேன், தையலைப் பாப்பேன், துணியில என்ன நிறத்துல படுது, வாடை அடிக்குதான்னு பாப்பேன், கெண்டைக்காலை அமுக்கி வலிக்குதான்னு கேப்பேன். மூணாவது வாரம் ஒரு பக்க மார்ல பால் கட்டிக் கல்லாக் கிடந்துச்சு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பிள்ளையைச் சரியாப் பிடிக்க வச்சு, இறங்குற வரைக்கும் மூணு மணி நேரம் நகரலை. நாலாவது வாரம் அந்தப் பொண்ணு காரணமில்லாம அழுதுக்கிட்டே இருக்குன்னாங்க. பக்கத்துல உக்காந்து என்னன்னு கேட்டேன், ராத்திரியெல்லாம் தூக்கமில்லைன்னுச்சு. தனபாக்கியத்தைக் கூப்பிட்டு, இனிமே பிள்ளையை நீங்க வச்சுக்குங்க, இவ தொடர்ந்து நாலு மணி நேரமாச்சும் தூங்கணும்னு கண்டிப்பாச் சொன்னேன். எதிரியை இந்த வயசுல ராத்திரி முழுக்க முழிக்க வச்சேன் பாரு, அது எனக்குத் திருப்தி. அந்தப் பொண்ணு என்னைப் பெரியம்மான்னு கூப்பிடுது. அதுக்கு வெவரம் தெரியாது.

இன்னைக்குத்தான் நாப்பத்திரெண்டாம் நாள். கட்டைப் பையில இருக்கிறது பிள்ளைக்குச் சட்டை, நாலஞ்சு எடுத்தேன். வெறுங்கையோட போனா அந்த வீட்டு முன்னால நமக்குத்தானே கேவலம். அவ கால்ல விழட்டும். மன்னிக்க மாட்டேன். கேட்டாலும் மன்னிக்கிறதா இல்லை. மன்னிச்சுட்டா அடுத்த வாரம் எதைச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டு வாசப்படி ஏறுறது?

ரயில்வே கேட்டு வந்துருச்சு, என் ஸ்டாப் அடுத்தது. பையை எடுத்துக்கிறேன், காலைக் கொஞ்சம் தூக்கு. ஆமா, நீ பிரசவத்துக்கு எங்க வரப்போறே? எங்க ஆஸ்பத்திரியிலதான் எழுதியிருக்கா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமா. அடுத்த மாசம்னா நான் டியூட்டியிலதான் இருப்பேன். வந்ததும் மங்கை சிஸ்டரைத் தெரியும்னு சொல்லு, எவளும் உன்னை ஒரு சொல்லு சொல்ல மாட்டா. வார்டுக்கு வந்த பிறகும் பயப்படாத. நல்ல பொண்ணா இருக்கே, இவ்வளவு நேரம் முகம் சுளிக்காமக் கேட்டே, உன் மேல எனக்கு என்ன கோபம்? உன்னை நான் எழுப்பவே மாட்டேன் தாயி. கேஸ் ஷீட்டெல்லாம் உக்காந்த இடத்துலயே நான் எழுதிக்கிறேன், நீ பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கு.